கருவாடு திரும்பி வந்தாலும், கடல்பாசி அழிந்தாலும், கடன் மறுக்கப்பட்டாலும் பலர் செய்யும் தவறுகள்

பாம்பன், ஏர்வாடிப் பக்கம் புதிதாகக் கருவாடு போடுபவர்களுக்கு முதல் அடி பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் விழும். மூட்டை போன சில நாளில் மொத்த வியாபாரி கூப்பிடுவார்: "சரக்கு செவந்துபோச்சு, எடுத்துக்கங்க." உடனே செய்யும் தவறு, அடுத்த தடவை உப்பை இன்னும் அள்ளிப் போடுவது.

சிவப்பு ஏறுவது உப்பு குறைந்ததால் அல்ல. உப்பிலேயே வாழும் ஒருவகை நுண்ணுயிர், உப்பளத்து உப்போடுதான் வந்து சேர்கிறது. ஈரமும் வெக்கையும் கிடைத்தால் இளஞ்சிவப்பாக, பிசுபிசுவென்று படரும். உப்பைக் கூட்டினால் அதற்குக் கொண்டாட்டம். பெரிய மீன் என்றால் 3 கிலோ மீனுக்கு 1 கிலோ உப்பு போதும். ஒருமுறை போட்ட உப்பை அடுத்த மீனுக்கு மறுபடி பயன்படுத்தாதீர்கள். பாத்தியிலிருந்து நேரே வந்ததைவிட, மாதக்கணக்கில் கிடந்து ஆறிய உப்பு நல்லது. தொட்டியையும் பலகையையும் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். மணலில் பரப்பாமல் இடுப்பு உயரப் பரணில் வலை கட்டிக் காயவையுங்கள். சூடு ஆறுமுன் மூட்டை கட்டினால் உள்ளே வேர்த்துவிடும். பாதிச் சரக்கு கெடுவது அங்கேதான்.

இன்னொரு தவறு, ரோஷப்பட்டு வேறு வியாபாரியைத் தேடிப் போவது. திரும்பிய மூட்டையைக் கோழித்தீவனத்துக்குத் தள்ளுமுன் கால் கிலோ எடுத்துப் பாருங்கள்: மணலா, ஈரமா, வாடையா, வண்டா? மூட்டையில் காயவைத்த தேதி எழுதாதவருக்கு இது எந்த நாள் சரக்கென்றே தெரியாது. குறையைச் சரிசெய்து புதிதாகப் போட்ட கருவாட்டில் 5 கிலோவை மூன்று வாரம் வீட்டிலேயே வைத்திருங்கள். சிவக்கவில்லை என்றால் முதலில் திருப்பி அனுப்பினாரே, அவருக்கே மாதிரி கொடுங்கள். குறை தெரிந்தவர் அவர்தான்.

கடல்பாசி வளர்ப்பில் தவறு வேறு மாதிரி. 12 அடிக்கு 12 அடி மூங்கில் தெப்பம், சுமார் 60 கிலோ விதைப்பாசி, 45 நாளில் அறுப்பு. கணக்கு இவ்வளவு சுலபமாக இருப்பதால் எல்லாத் தெப்பத்தையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் இறக்கிவிடுகிறார்கள். 2013-14ல் தண்ணீர் சூடேறியபோது இந்தக் கரையில் பாசி பெருமளவு அழிந்தது. மூன்று மூன்றாக, வாரம் தள்ளி இறக்குங்கள். நுனி வெளுத்து ஒடிந்த பாசியிலிருந்தே அடுத்த விதையை வெட்டுவது, நஷ்டத்தைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்குவதுதான்.

வங்கி கடன் மறுத்தால் அதே ஃபைலைத் தூக்கிக்கொண்டு நாலு வங்கி ஏறாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும், சிபில் போன்ற நிறுவனங்கள் வைத்திருக்கும் உங்கள் கடன் அறிக்கையில் பதிவாகும். வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே கிடைக்கும் அந்த அறிக்கையை முதலில் பாருங்கள். மறுத்த காரணத்தை எழுத்தில் கேளுங்கள். திட்ட அறிக்கையில் பன்னிரண்டு மாதமும் ஒரே வருமானம் காட்டியிருந்தால், இந்தக் கரையில் வேலை பார்க்கும் மேலாளர் முதலில் அங்கேதான் விரல் வைப்பார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் எவ்வளவு கிடைக்கும், தவணையை எதிலிருந்து கட்டுவீர்கள் என்று தனியாக எழுதிக் கொடுங்கள்.