ஆறு சிலிண்டருக்கு மூன்று வெபர்: டட்சன் 240 இசட்டில் மாட்டி, ட்யூன் செய்வது எப்படி

மூன்று கார்புரேட்டரை (காற்றில் பெட்ரோலைக் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கருவி) மாட்டுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. மாட்டிய மூன்றும் ஒன்றுபோல மூச்சு விடும்படி செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும், அந்த இடத்தில்தான் பாதிப் பேர் சலித்துப்போய் பழைய செட்டையே திரும்ப மாட்டிவிடுகிறார்கள்.

இங்கே பேசப்போவது டட்சன் 240 இசட். ஒரகடத்தில் தயாரான கோ, ரெடி-கோ மட்டும் பார்த்தவர்களுக்கு டட்சன் என்றாலே சின்ன கார்தான் நினைவுக்கு வரும், ஆனால் 1970 மாடலாக அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இந்த இரண்டு சீட்டர் 2393 சிசி, ஆறு சிலிண்டர் எல்24 என்ஜினோடு வந்தது. கம்பெனியே அதில் எஸ்யூ வகை ஹிட்டாச்சி கார்புரேட்டர் இரண்டு போட்டிருந்தது. நண்பனின் 1972 மாடலில் அதை எடுத்துவிட்டு வெபர் கம்பெனியின் 40 டிசிஓஇ வகைக் கார்புரேட்டர் மூன்று மாட்டினோம். கீழே இருப்பது அதில் கற்றதும், அடிபட்டதும்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு இது தேவையா? என்ஜினுக்குள் எதையும் மாற்றாமல், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்கூட பழையதே என்றால், பவர் பெரிதாக ஏறாது, மைலேஜ் குறையும், ஒழுங்காக ட்யூன் செய்த இரண்டு எஸ்யூ நகரத்துக்குள் இதைவிட சாதுவாகவே ஓடும். ஆஸ்டின்-ஹீலி 3000 மார்க் 2 காருக்கு 1961ல் கம்பெனியே மூன்று எஸ்யூ போட்டுப் பார்த்தது, மறுவருடமே இரண்டுக்கு இறங்கிவிட்டது, மூன்றையும் சமமாக வைத்திருப்பது அவ்வளவு தொல்லை. ஆனால் மிதித்த நொடியில் கிடைக்கும் அந்த பிக்கப்பும், ஆறு வாயும் சேர்ந்து உறிஞ்சும் சத்தமும் வேண்டும் என்றால் வேறு வழியில்லை. 1973-74ல் வந்த தட்டை மூடி கார்புரேட்டர் உங்கள் வண்டியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்த வகை சூடானால் தகராறு செய்வதில் பேர் வாங்கியது, எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும்.

மூன்று எதற்கு என்றால், நீளமாக வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டருக்கு நடுவில் ஒரே கார்புரேட்டர் வைத்தால் நடு சிலிண்டர்களுக்குப் பக்கத்திலேயே பெட்ரோல் கிடைக்கும், ஒன்றும் ஆறும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி, போகிற வழியிலேயே பாதி பெட்ரோல் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும். டிசிஓஇ ஒன்றுக்கு இரண்டு தொண்டை, அதாவது காற்று போகும் வழி. மூன்று மாட்டினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சொந்தமாக ஒரு தொண்டை.

கார்புரேட்டரைத் தொடுவதற்கு முன் என்ஜின் நலமாக இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், வால்வ் இடைவெளி (என்ஜின் ஆறியிருக்கும்போது இன்டேக் 0.20 மிமீ, எக்ஸாஸ்ட் 0.25 மிமீ), நல்ல பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. கார்புரேட்டர் கோளாறு என்று நாம் திட்டுகிற பாதி விஷயம் இக்னிஷனில்தான் இருக்கும்.

இனி மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களோடு சேரும் குழாய்த் தொகுதி. இந்த என்ஜினில் இன்டேக்கும் (காற்று உள்ளே போவது) எக்ஸாஸ்டும் (புகை வெளியே வருவது) ஒரே பக்கம், ஒன்றின் மேல் ஒன்று, இரண்டுக்கும் ஒரே கேஸ்கெட். அதைவிட முக்கியம், நடு வரிசையில் இருக்கும் ஸ்டட்களில் ஒரு தடித்த வாஷர் பாதி இன்டேக் மீதும் பாதி எக்ஸாஸ்ட் மீதும் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்து அழுத்துகிறது. வெளியில் வாங்கிய மேனிஃபோல்டும் ஹெட்டரும் (எக்ஸாஸ்ட் குழாய்த் தொகுதி) போட்டால் இரண்டின் தடிமனும் ஒன்றாக இருக்கும் என்று நம்பவே நம்பாதீர்கள். எங்களுக்கு நடந்தது இதுதான்: ஹெட்டரின் தகடு ஒன்றரை மிமீ அதிகம், வாஷர் அதன் மேல் மட்டும் உட்கார்ந்து சாய்ந்து நின்றது, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் இன்டேக் பக்கம் காற்று இழுத்துக்கொண்டே இருந்தது. நான்காவது சிலிண்டர் மட்டும் எந்த ஸ்க்ரூவுக்கும் அசையவில்லை, ஐட்லிங் (பெடலை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 1400 சுற்றை விட்டு இறங்கவில்லை, இரண்டு வாரம் ஜெட்டை (பெட்ரோலையோ காற்றையோ அளந்து விடும் சின்னத் துளைத் திருகு) மாற்றி மாற்றிப் பார்த்தோம். கடைசியில் குனிந்து டார்ச் அடித்தபோது வாஷருக்கும் இன்டேக்குக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வாஷரின் ஒரு பாதியை அரத்தால் தேய்த்துப் படி வைத்ததும் சரியாகிவிட்டது. அதனால் மாட்டும் முன்பே இரண்டு தகட்டையும் வெர்னியரில் அளந்துவிடுங்கள். மேனிஃபோல்டின் துளை, கேஸ்கெட்டின் துளை, ஹெட்டின் துளை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

மேனிஃபோல்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே ரப்பர் ஓ-ரிங் வைத்த தகடு வரும், நட்டுக்கு அடியில் இரட்டைச் சுருள் ஸ்பிரிங் வாஷர். இதை முழுக்க இறுக்கக் கூடாது. சுருள்களுக்கு நடுவில் ஏறக்குறைய அரை மிமீ இடைவெளி நிற்க வேண்டும், கையால் பிடித்து ஆட்டினால் கார்புரேட்டர் லேசாக அசைய வேண்டும். இறுக்கிவிட்டால் என்ஜின் நடுக்கம் நேராக ஃபிளோட் தொட்டிக்குள் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் இடம்) போய், பெட்ரோல் நுரைத்துவிடும். நட்டு கழன்று விழாமலிருக்க நைலான் வைத்த நட்டு போடுங்கள்.

பெட்ரோல் லைனில் ஒரே விதி: அழுத்தம் 3 பிஎஸ்ஐ பக்கம். அதற்கு மேல் போனால் ஃபிளோட் ஊசி தாங்காமல் வழியும், வழிகிற பெட்ரோல் நேராகக் கீழே கொதிக்கும் ஹெட்டர் மேல். ரெகுலேட்டரும் கேஜும் கட்டாயம், கார்புரேட்டருக்கும் ஹெட்டருக்கும் நடுவே ஒரு வெப்பத் தகடு கட்டாயம், தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் தூரத்தில் கட்டாயம். பழைய ரப்பர் ஹோஸ் ஒரு அடிகூட மிச்சம் வைக்காதீர்கள்.

பழைய மேனிஃபோல்டிலிருந்து வேக்குவம் (உறிஞ்சும் இழுப்பு) வாங்கிக்கொண்டிருந்தவர்களைக் கணக்கெடுங்கள். பிரேக் பூஸ்டர் ஒன்று. அதை ஒரே ஒரு குழாயில் மட்டும் இணைத்தால் அந்த சிலிண்டரின் ஐட்லிங் கெடும், அதனால் இரண்டு மூன்று குழாய்களிலிருந்து எடுத்து, ஒரு சின்ன பொது உருளை வழியாக, செக் வால்வோடு கொடுப்பது நல்லது. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ் பெரும்பாலும் போய்விடும், டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரம்) அதற்கேற்ப மாற்ற வேண்டும்: ஐட்லிங்கில் 12 முதல் 15 டிகிரி, 3000க்கு மேல் மொத்தம் 34க்கு அருகில் வரும்படி வைத்துத் தொடங்கலாம். கிராங்க் கேஸ் புகைக் குழாயைத் தனி பிரீதருக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஜெட் விஷயத்தில் ஆளுக்கொரு வேதம். தெருவில் ஓட்டும் 2.4 லிட்டர் வண்டிக்கு வெஞ்சுரி (தொண்டைக்குள் இருக்கும் குறுகலான வளையம்) 30 அல்லது 32 மிமீ போதும், பெரிதாகப் போட்டால் கீழ் வேகத்தில் சோர்ந்துவிடும். மெயின் ஜெட்டுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு, வெஞ்சுரியை நான்கால் பெருக்குங்கள்: 32 என்றால் 128, கடையில் கிடைப்பது 130. அந்த எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அதாவது 1.30 மிமீ துளை. ஏர் ஜெட் அதைவிட 50 கூட, 180. எமல்ஷன் ட்யூப் எஃப்11, ஐட்லிங் ஜெட் 50எஃப்9. இது தொடங்குவதற்கு மட்டும். எல்லோரும் மெயின் ஜெட்டைப் பற்றியே பேசுவார்கள், ஆனால் மெதுவாக ஓட்டும்போது கிட்டத்தட்ட 2500 வரை வண்டி ஓடுவது ஐட்லிங் ஜெட்டில்தான், உங்கள் சாதாரண நாள் முழுக்க அங்கேதான் கழிகிறது. காசை அந்த ஜெட் செட்டுகளில் போடுங்கள்.

லிங்கேஜை (பெடலையும் கார்புரேட்டரையும் இணைக்கும் கம்பிகள்) கடைசியில் யோசிக்கலாம் என்று விடாதீர்கள். ஒருவரைப் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லி, வாய் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், ஆறு பட்டாம்பூச்சியும் (தொண்டையைத் திறந்து மூடும் தகடு) நேராக நிற்கிறதா என்று. பாதிதான் திறக்கிறது என்பது நாம் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். விட்டதும் டக்கென்று மூடுகிறதா, எங்கேயாவது பிடிக்கிறதா, இணைப்புக் கம்பி எல்லை தாண்டி மறுபக்கம் சிக்கிக்கொள்கிறதா, எல்லாவற்றையும் என்ஜின் ஓடாதபோதே பார்த்துவிட வேண்டும். ரிட்டர்ன் ஸ்பிரிங் ஒன்றுக்கு இரண்டாக.

சரி, இப்போது ஸ்டார்ட். இணைப்புக் கம்பி மூன்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஒவ்வொரு கார்புரேட்டரின் ஐட்லிங் ஸ்க்ரூவையும் முழுக்கப் பின்வாங்கி, பிறகு தொடும் வரை கொண்டுவந்து அரைச் சுற்று உள்ளே. ஐட்லிங்கில் பெட்ரோல் அளவைத் திருத்தும் மிக்ஸ்சர் ஸ்க்ரூ ஆறையும் மெதுவாக உள்ளே கொண்டுபோய் (இறுக்கினால் ஊசி முனையில் வளையம் விழுந்துவிடும், அப்புறம் குப்பைதான்) பழைய வகை என்றால் முக்கால் முதல் ஒரு சுற்று, டிசிஓஇ 151 மாதிரி நுண்மரை வகை என்றால் இரண்டு சுற்று வெளியே எடுங்கள். பெடலை மூன்று நான்கு முறை அமுக்கிவிட்டு செல்ஃப் அடித்தால் பிடித்துக்கொள்ளும். முழுக்கச் சூடாகும் வரை ஓடட்டும், சூடாகாத என்ஜினில் செய்த ட்யூனிங் எதுவும் நிற்காது.

காற்றளவு மீட்டரை ஒவ்வொரு வாயிலும் வைத்துப் பாருங்கள். எண் எவ்வளவு என்பது பிறகு, ஆறும் ஒரே எண்ணா என்பதுதான் முதலில். மீட்டர் இல்லையென்றால் ஒன்றரை அடி ரப்பர் ஹோஸை காதில் வைத்து மறுமுனையை ஒவ்வொரு வாயிலும் அதே இடத்தில் பிடித்தால் ‘உஸ்’ சத்தத்தின் வித்தியாசம் நன்றாகவே கேட்கும், பழைய மெக்கானிக்குகள் அப்படித்தான் செய்தார்கள். சத்தம் குறைந்த கார்புரேட்டரின் ஸ்க்ரூவைச் சிறிது உள்ளே, கூடியதைச் சிறிது வெளியே, இப்படியே 900 முதல் 1000க்குள் மூன்றையும் சமமாக்குங்கள். ஒரே கார்புரேட்டரின் இரண்டு வாயும் வேறு வேறு காட்டினால் ஷாஃப்ட் முறுக்கியிருக்கிறது, அல்லது பட்டாம்பூச்சி நடுவில் உட்காரவில்லை. பைபாஸ் ஸ்க்ரூ உள்ள வகையில் குறைந்த பக்கத்தைத் தூக்கிவிடலாம், இல்லாததில் கழற்றித்தான் சரி செய்ய வேண்டும்.

ஐட்லிங் நிற்க ஸ்க்ரூவை ஒரு சுற்றுக்கு மேல் உள்ளே தள்ள வேண்டியிருக்கிறதா? அங்கேயே நில்லுங்கள். மேலே உள்ள சின்னப் பித்தளை மூடியைக் கழற்றினால் புரோக்ரஷன் துளைகள் தெரியும், பட்டாம்பூச்சியின் விளிம்பு முதல் துளையைத் தாண்டிவிட்டிருக்கும். மிதிக்கும் தொடக்கத்தில் உதவ வேண்டிய துளைகள் ஐட்லிங்கிலேயே செலவாகிவிடுகின்றன, அதனால்தான் மிதித்ததும் இழுவையில் ஒரு பள்ளம் வருகிறது. பெரும்பாலும் டைமிங் குறைவாக இருப்பதே காரணம்.

மிக்ஸ்சருக்கு வருவோம். ஒரு ஸ்க்ரூவைக் கால் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள், என்ஜின் சுருதி இறங்கும் இடத்தில் நிறுத்தி, திரும்ப மேலேறி நிலைக்கும் வரை வெளியே எடுங்கள். ஆறுக்கும் இதையே செய்து, மறுபடி காற்றளவு பாருங்கள், மறுபடி மிக்ஸ்சர். எந்த ஸ்க்ரூவும் நான் சொன்ன சுற்றைவிட ரொம்ப வெளியே கேட்டால் ஐட்லிங் ஜெட் சிறிது, அரைச் சுற்றுக்குள்ளேயே நின்றால் ஜெட் பெரிது. ஐந்து சிலிண்டர் சொன்னபடி கேட்டு ஒன்று மட்டும் அசையவில்லையென்றால் அடைப்போ காற்றுக் கசிவோதான், அந்த வாஷரை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இணைப்புக் கம்பிகளை மாட்டுங்கள், ஐட்லிங் இம்மியும் மாறக் கூடாது. என்ஜினை 2500ல் பிடித்து ஆறு வாயையும் திரும்ப அளந்து கம்பி நீளத்தைத் திருத்துங்கள், ஐட்லிங்கில் சமமாக இருந்து இங்கே பிசகினால் ஓட்டும்போது நடுக்கம் தெரியும்.

ஏர் ஃபில்டர் போடாமல் ஓட்டாதீர்கள், அழகாகத்தான் இருக்கும், ஆனால் தூசி ஒரு பக்கம், கார்புரேட்டர் தும்மினால் தீ இன்னொரு பக்கம். மலிவான ஃபில்டரின் பின் தகடு ஃபிளோட் தொட்டியின் மூச்சுத் துளையை மூடிவிடும், துளை போட்டுத் திறந்துவிடுங்கள்.

ரோட்டில் மூன்றாவது கியரில் 2000லிருந்து மெல்ல ஏற்றிப் பாருங்கள். வாய் வழியாகத் தும்மினால் பெட்ரோல் போதவில்லை, கறுப்புப் புகையும் கனமான இழுவையும் என்றால் அதிகம். முழு மிதியில் 5000க்கு மேல் சோர்ந்தால் அப்போதுதான் மெயின் ஜெட் பக்கம் போகலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள், இல்லையென்றால் நான்காவது நாள் எது எங்கே இருந்தது என்பதே நினைவிருக்காது. நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடி, என்ஜின் முழுக்க ஆறிய பிறகு மேனிஃபோல்டு நட்டுகளுக்கு ஒரு முறை ஸ்பேனர் போடுங்கள், புது கேஸ்கெட் அமுங்கியிருக்கும், ஒன்றிரண்டு நட்டு கால் சுற்று வாங்கும்.