நூலும் தூக்குக் குண்டும் போதும், புவியீர்ப்பை வீட்டிலேயே அளக்கலாம்

முதல் தடவை அளந்தபோது புவியீர்ப்பு முடுக்கம் (விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு நொடியும் எத்தனை மீட்டர்/நொடி கூடுகிறது என்ற அளவு) எனக்கு 10.84 வந்தது. பாடப்புத்தகத்தில் 9.8. நூலை மாற்றினேன், டேப்பை மாற்றினேன், இரண்டு நாள் அதே விடைதான். தப்பு நான் எண்ணிய விதத்தில் இருந்தது, அதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எடைக்குக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக் குண்டுதான் என் தேர்வு. சின்னதாக, கனமாக இருக்கும். பிளாஸ்டிக் பந்து வேண்டவே வேண்டாம், காற்றே அதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். நூலுக்கு நைலானைத் தவிர்த்துவிடுங்கள், பாரம் தொங்கத் தொங்க நீளும். பருத்தித் தையல் நூலை நாலு இழையாக எடுத்தால் போதும். நேரம் பார்க்கச் செல்போன் இருக்கிறது.

நூலைத் தொங்கவிட்டு, மேலே அது பிடிபட்டிருக்கும் இடத்திலிருந்து குண்டின் நடுப்பகுதி வரை சரியாக 1 மீட்டர் வையுங்கள். முடிச்சு வரை அளந்தால் போதாது. குண்டைப் படுக்கவைத்து ஒரு பென்சில் மேல் நிறுத்திப் பாருங்கள், எந்த இடத்தில் சாயாமல் நிற்கிறதோ அதுதான் நடு.

அப்புறம் எட்டு, பத்து சென்டிமீட்டர் மட்டும் பக்கவாட்டில் இழுத்து, தள்ளாமல் விடுங்கள். 30 டிகிரிக்கு இழுத்து ஆட்டினால் விடை 3 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும்.

இப்போது எண்ணுவது. குண்டு சும்மா தொங்கும்போது அதற்கு நேர் கீழே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். குண்டு அந்தக் கோட்டை இடமிருந்து வலமாகத் தாண்டும் நொடியில் ஸ்டாப்வாட்சை அழுத்தி, "பூஜ்யம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மறுபடி இடமிருந்து வலமாகத் தாண்டும்போதுதான் "ஒன்று". நான் அழுத்தும்போதே "ஒன்று" என்று ஆரம்பித்து இருபதில் நிறுத்தினேன், ஆனால் குண்டு ஆடியது 19 அலைவுதான். அந்த ஒரே ஒரு அலைவு விடையைப் பத்து சதவீதத்துக்கு மேல் தூக்கிவிட்டது! ஓரங்களில் குண்டு திரும்பும் இடத்தை வைத்தும் எண்ணாதீர்கள், அங்கே அது மெதுவாக நகர்வதால் எந்த நொடியில் திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது.

20 அலைவுக்குப் பதில் 50 எண்ணுங்கள், விரல் தாமதிக்கும் பிழை பரவிக் குறைந்துவிடும். எனக்கு 50 அலைவுக்கு 100.5 நொடி, அதாவது ஓர் அலைவுக்கு 2.01 நொடி. 39.48-ஐ (அது பையின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு) மீட்டரில் உள்ள நீளத்தால் பெருக்கி, 2.01-இன் வர்க்கத்தால் வகுத்தால் 9.77. சென்னையில் இருக்க வேண்டியது கிட்டத்தட்ட 9.78. அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் இன்னும் போகவில்லை.

சரி, இதோடு நிறுத்தாதீர்கள். குண்டைக் கழற்றிவிட்டு அதே நீளத்தில் ஒரு பூட்டை மாட்டி மறுபடி எண்ணுங்கள். நேரம் மாறாது. கனமான பொருளைப் பூமி அதிகமாகத்தான் இழுக்கிறது, ஆனால் அதை அசைப்பதும் அதே அளவு கடினம், இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. எனக்கு ஈர்ப்பு புரிந்தது இந்த இடத்தில்தான்.

ஆனால் நீளம் அதேதான் என்றாலும், இடம் மாறினால் நேரம் மாறும். 1672-இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தை நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள கயேனில் வைத்துப் பார்த்தபோது, அது நாளுக்கு சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. அங்கே ஈர்ப்பு கொஞ்சம் குறைவு. பூமி நடுவில் புடைத்திருக்கிறது என்று வாதிட நியூட்டன் இதையும் எடுத்துக்கொண்டார்.

பின்சேர்க்கை: நூலை ஆணியில் சுற்றிக் கட்டியதாகவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வருவதாகவும் ஒருவர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார். ஆடும்போது நூல் ஆணியின் மேல் உருண்டு நீளத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்து, அவற்றின் கீழ் விளிம்பிலிருந்து நீளத்தை அளக்கச் சொன்னேன். அடுத்த நாள் 9.8 வந்ததாக எழுதினார்.