உங்க ஏரியால பூட்டிக் கெடக்கற பழைய மில்லு, ஃபேக்டரிய எப்படிப் பதிவு பண்றது?

"துருப்பிடிச்ச ஷெட்டுல என்னப்பா இருக்கு"ன்னு கேக்கறவங்க கிட்ட சென்னை பெரம்பூர்ல இருந்த பின்னி துணி மில்லு கதைய சொல்லுங்க. பக்கிங்ஹாம், கர்னாட்டிக்னு ரெண்டு மில்லு, 1920ல ஒண்ணா சேந்துச்சு. அதுக்கு முன்னாடியே 1918ல அந்தத் தொழிலாளிங்கள வச்சு பி.பி.வாடியா, திரு.வி.க. மாதிரி ஆளுங்க ஆரம்பிச்ச மெட்ராஸ் லேபர் யூனியன்தான் இந்தியாவுல முறையா அமைஞ்ச மொத தொழிற்சங்கம்னு சொல்வாங்க. 1996ல மில்லு மூடுனாங்க, இப்ப அங்க அடுக்குமாடி வந்துடுச்சு.

சரி, எங்கேந்து ஆரம்பிக்கறது? ஆளுங்க கிட்டேந்து. நான் இத தலகீழா பண்ணி மாட்டிக்கிட்டேன், ஒரு பழைய மில்லு பக்கம் போய் சிம்னியவே நாப்பது போட்டோ எடுத்தேன், எந்த ஷெட்டுல என்ன ஓடுச்சுன்னு சொல்ல ஒருத்தர் கூட கெடைக்கல, அந்த போட்டோலாம் இப்ப சும்மா செங்கல் படம்தான். பின்னி மூடுனப்போ 30 வயசுல இருந்தவருக்கே இப்ப 60 கிட்ட ஆகுது, பாத்துக்கங்க.

பெருசுங்கள டீக்கடைலயோ கோயில் திண்ணைலயோ புடிக்கலாம். "அந்தக் காலம் எப்படிங்க இருந்துச்சு"ன்னு கேட்டா "நல்லா இருந்துச்சு தம்பி"ன்னு முடிச்சிடுவாங்க. சின்னச் சின்னதா கேளுங்க: எத்தன மணிக்கு சங்கு ஊதும், எந்த கேட் வழியா உள்ள போவீங்க, லேட்டா போனா என்ன பண்ணுவாங்க, சம்பளத்தன்னிக்கு வாசல்ல கடன்காரன் நிப்பானா. சோத்துத் தூக்கு கொண்டுபோன வீட்டம்மாவையும் விட்றாதீங்க, அவங்களுக்குதான் ஸ்டிரைக் சமயத்துல அடுப்பு எப்படி எரிஞ்சுதுன்னு தெரியும். பேசறதுக்கு முன்னாடி ரெக்கார்ட் பண்ணலாமான்னு கேட்டுக்கங்க, போன்ல எடம் இருக்கான்னும் பாத்துக்கங்க.

பழைய ஐடி கார்டு, சம்பளச் சீட்டு, யூனியன் நோட்டீஸ் கெடச்சா வாங்கிட்டுப் போகாதீங்க, அங்கயே வெளிச்சத்துல வச்சு போட்டோ எடுங்க. வாட்ஸ்அப்ல அனுப்புனா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா எழுத்து எதுவும் தெரியாது.

கட்டடத்துக்கு வந்தா, ஓனர் பர்மிஷன் இல்லாம உள்ள போகாதீங்க. ஒடஞ்ச அஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தா பர்மிஷன் இருந்தாலும் போகாதீங்க, அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ரோட்லேந்தே கேட், சிம்னி, கூரை, கல்வெட்டுன்னு எடுங்க, எந்தப் பக்கம் நின்னு எடுத்தீங்கன்னு எழுதி வைங்க.

கட்டடம் நிக்கணும்னு மனு போடறதா இருந்தா (சென்னைன்னா பெருநகர வளர்ச்சிக் குழுமம், அதான் சி.எம்.டி.ஏ.வுக்கும் போடலாம், பழைய கட்டடங்களக் காப்பாத்தறதுக்கான தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012லயே பாஸ் ஆயிடுச்சு) "இடிக்காதீங்க"ன்னு மட்டும் எழுதாதீங்க, வேற எதுக்கு ஆகும்னும் எழுதுங்க. ஐஸ் ஹவுஸ் 1842ல அமெரிக்காவுலேந்து கப்பல்ல வந்த ஐஸ்கட்டிய வைக்கக் கட்டுனது, இங்கயே ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் அந்த யாவாரம் படுத்துடுச்சு, ஆனா கட்டடம் இன்னிக்கும் விவேகானந்தர் இல்லமா நிக்குது. 1856ல தொறந்த ராயபுரம் ஸ்டேஷன்ல இன்னும் ரயில் நிக்குது. முழுசும் முடியலன்னா கேட்டும் சிம்னியுமாவது விடச் சொல்லிக் கேளுங்க, பில்டருக்கும் பெரிய நஷ்டம் இல்ல.

கடைசியா எல்லாத்தையும் ரெண்டு எடத்துல காப்பி போட்டு வைங்க. பேட்டி குடுத்த பெருசுக்கும் ஒரு பென்டிரைவ் குடுத்துடுங்க, பேரன் பேத்திங்க டிவில போட்டுப் பாக்கட்டும்.