தோள்மூட்டு: படிப்பதிலும் பயிற்சியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது எந்த மூட்டு அசைகிறது என்று கேட்டால், தோள்மூட்டு என்று பதில் வரும். பாதிதான் சரி. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை தோள்பட்டை எலும்பின் குழியில் சுழல்வதை மட்டுமே தோள்மூட்டு என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்தே கிளைக்கின்றன.

பக்கவாட்டில் கை முழுவதுமாக உயரும் சுமார் 180 பாகையில், அந்த உருண்டை மூட்டின் பங்கு ஏறத்தாழ 120 பாகை. மிச்சம் 60 பாகை, தோள்பட்டை எலும்பு விலாக்கூட்டின் மேல் வழுக்கிச் சுழல்வதால் கிடைக்கிறது. காறை எலும்பும் தன் இரு முனைகளிலும் அசைந்து கொடுத்தால்தான் அந்தச் சுழற்சி நடக்கும். 1944-இல் ஆய்வாளர் இன்மன் குழுவினர் விளக்கிய இந்த 2:1 கணக்கு எல்லாப் பாடநூல்களிலும் இருக்கிறது. அதை ஒவ்வொரு பாகைக்கும் பொருந்தும் சூத்திரமாக எடுத்துக்கொள்வதும் தவறுதான். முதல் 30 பாகை வரை தோள்பட்டை எலும்பு அதிகம் நகர்வதில்லை, அது ஆளுக்கு ஆள் மாறும். 2:1 என்பது மொத்தப் பயணத்தின் சராசரி.

கோனியாமீட்டர் (மூட்டுக் கோணமானி) வைத்து அளப்பவர்கள் இதை மறந்தால் அளவே பொய்யாகிவிடும். உருண்டை மூட்டு இறுகிப்போனவர், தோளைக் காதுவரை உயர்த்தி, உடம்பை மறுபக்கம் சாய்த்து, கை தூக்கிவிட்டதுபோல் காட்டிவிடுவார். தோள்பட்டை எலும்பை ஒரு கையால் நிலைநிறுத்திவிட்டு அளந்தால்தான் உண்மை தெரியும்.

அடுத்தது, ‘இந்தத் தசைக்கு இந்த அசைவு’ என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்வது. தேர்வுக்கு உதவும், உடம்பைப் புரிந்துகொள்ள உதவாது. நன்றாகப் படித்தவர்களையும் தடுக்கிவிடும் கேள்வி ஒன்று உண்டு: பக்கவாட்டில் தூக்கிய கையை மெதுவாக இறக்கும்போது எந்தத் தசை வேலை செய்கிறது? அட்டவணைப்படி கையை உடம்போடு சேர்ப்பவை பெக்டொராலிஸ் மேஜர் (மார்புத் தசை), லாட்டிசிமஸ் டார்சி (முதுகின் அகன்ற தசை), டெரெஸ் மேஜர் (தோள்பட்டை எலும்பின் கீழ்முனையிலிருந்து வரும் தசை). எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வலது உள்ளங்கையை இடது தோளின் வெளிப்புறத்தில் வைத்துக்கொண்டு, இடது கையை உயர்த்தி மெதுவாக இறக்கிப் பாருங்கள். தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசை கடைசிவரை இறுகியே இருக்கும். கையைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. கை பொத்தென்று விழாமல் பிடித்துப் பிடித்து விடுவது டெல்டாய்டு, அதுவும் நீண்டுகொண்டே. எதிர்ப்பை மீறிக் கையைக் கீழே இழுக்க வேண்டியிருந்தால்தான் லாட்டிசிமஸ் டார்சி களத்துக்கு வரும். கம்பியில் தொங்கி உடலை மேலே இழுக்கும்போது அது சுருங்கி வேலை செய்கிறது, உடல் இறங்கும்போது அதே தசை நீண்டு வேலை செய்கிறது. ஆக, எந்தத் தசை என்று கேட்பதற்கு முன், சுமை எந்தத் திசையில் இழுக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரே தசை எதிரெதிர் வேலை செய்வதும் உண்டு. டெல்டாய்டின் முன்பகுதி கையை முன்னே உயர்த்தி உள்நோக்கிச் சுழற்றும். பின்பகுதி பின்னே இழுத்து வெளிநோக்கிச் சுழற்றும். ‘டெல்டாய்டு கையைப் பக்கவாட்டில் தூக்கும்’ என்ற வரி அதன் நடுப்பகுதிக்கு மட்டுமே முழுமையாகப் பொருந்தும்.

பழைய பாடம் இன்னொன்று விடாமல் தொடர்கிறது: முதல் 15 பாகையைத் தோள்பட்டை எலும்பின் மேற்பகுதியில் உள்ள சுப்ராஸ்பைனேட்டஸ் தசை தூக்கும், பிறகு டெல்டாய்டு பொறுப்பேற்கும் என்பது. தசைகளின் மின்செயல்பாட்டைப் பதிவுசெய்து பார்த்ததில், இரண்டும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து இயங்குவது தெரிந்தது. சுப்ராஸ்பைனேட்டஸுக்குப் போகும் நரம்பை மரத்துப்போகச் செய்தாலும் கையைத் தூக்கத் தொடங்க முடிகிறது, பலம்தான் குறைகிறது. அதனால் தூக்கத் தொடங்கவே சிரமப்படுகிறார் என்பதை மட்டும் வைத்து அந்தத் தசைநாண் கிழிந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

உருண்டையைச் சுற்றிப் பிடிக்கும் ரொட்டேட்டர் கஃப் தசைகள் நான்கு: சுப்ராஸ்பைனேட்டஸ், இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனர், சப்ஸ்கேபுலாரிஸ். டெரெஸ் மேஜரை இந்தப் பட்டியலில் சேர்ப்பது அடிக்கடி நடக்கும் பிழை. அதன் நாண் கீழே மேற்கை எலும்பின் தண்டில் போய் ஒட்டுகிறது, மூட்டைச் சுற்றியுள்ள உறையோடு கலப்பதில்லை. இந்த நான்கையும் வெறும் சுழற்றும் தசைகளாகப் பார்ப்பது அதைவிடப் பெரிய பிழை என்பேன். தோளின் குழி ஆழமற்றது. ஒரு சிறு தட்டின் மேல் பெரிய உருண்டையை நிறுத்தியதுபோலத்தான் அமைப்பே. எந்த நேரத்திலும் உருண்டையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குழியைத் தொடுவதில்லை. கை தொங்கும் நிலையில் டெல்டாய்டு சுருங்கினால், அதன் இழுவிசை பெரும்பாலும் உருண்டையை மேல்நோக்கித்தான் தள்ளும். முன்னாலிருந்து சப்ஸ்கேபுலாரிஸும் பின்னாலிருந்து இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், டெரெஸ் மைனரும் அதைக் குழிக்குள் அழுத்தி, சற்றே கீழிழுத்துப் பிடிப்பதால்தான் கை தூக்கப்படுகிறது. டெல்டாய்டை மட்டும் வளர்த்து இவற்றைக் கவனிக்காமல் விட்டால் அந்தச் சமநிலைக்கு ஆபத்து.

சுழற்சியைச் சோதிக்கும்போது முழங்கையை நீட்டி வைத்துக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பச் சொல்வார்கள் சிலர். அப்படிச் செய்தால் முன்கையின் சுழற்சியும் தோளின் சுழற்சியும் கலந்துவிடும். முழங்கையை 90 பாகை மடக்கி, விலாவோடு ஒட்டி வைத்து, முன்கையை வெளிப்பக்கம் கொண்டுபோகச் சொன்னால் தோள் மட்டும் தனியே தெரியும்.

இந்தச் சுழற்சி, கை தூக்குவதோடும் சம்பந்தப்பட்டது. கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை உள்நோக்கித் திருப்பி வைத்துக்கொண்டு பக்கவாட்டில் உயர்த்துங்கள். ஓர் இடத்தில் தடுக்கும். உள்ளங்கை மேலே பார்க்கும்படி திருப்பினால் கை மேலும் உயரும். மேற்கை எலும்பின் பெரிய புடைப்பு, தோள்பட்டை எலும்பின் மேல்முனையான தோள் முகட்டெலும்பில் இடிக்காமல் பின்னால் நழுவ இந்த வெளிச்சுழற்சி தேவை. டம்பெல்லோடு கட்டைவிரலைக் கீழே கவிழ்த்துத் தூக்கும் பழக்கம் உடற்பயிற்சிக் கூடங்களில் இன்னும் இருக்கிறது. தோளில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம். நேர் பக்கவாட்டுக்குச் சுமார் 30 பாகை முன்னே, தோள்பட்டை எலும்பின் தளத்திலேயே, கட்டைவிரல் மேலே இருக்கும்படி தூக்குவது தோளுக்கு இதமானது.

பயிற்சியாளர்கள் சொல்லும் ஓர் அறிவுரையையும் இங்கே கேள்வி கேட்க வேண்டும்: ‘தோள்பட்டையைப் பின்னுக்கு இழுத்துக் கீழே இறக்கி வைத்துக்கொள்’. மல்லாந்து படுத்து எடை தள்ளும்போது அது சரி. தலைக்கு மேல் எடையைத் தூக்கும்போதும் அதையே பிடித்துக்கொண்டிருந்தால், மேல்நோக்கிச் சுழல வேண்டிய தோள்பட்டை எலும்பைக் கட்டிப்போட்டதாகும். விலாவின் பக்கத்தில் உள்ள செரேட்டஸ் ஆன்டீரியரும், கழுத்திலிருந்து நடுமுதுகுவரை விரியும் ட்ரபீசியஸின் மேல், கீழ்ப் பகுதிகளும் சேர்ந்துதான் அந்தச் சுழற்சியைத் தருகின்றன. மேல் ட்ரபீசியஸை வில்லனாக்கி அதை எப்போதும் தளர்த்தியே வைக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அது இல்லாமல் கை உச்சிக்குப் போகாது. செரேட்டஸ் பலவீனமானால், சுவரில் கை ஊன்றித் தள்ளும்போது தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு இறக்கைபோல் பின்னால் எழும்பும். செரேட்டஸுக்குப் போகும் நெடும் மார்பு நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டும்.

வலி விஷயத்தில் நடக்கும் தவறுகள் வேறு வகை. ரொட்டேட்டர் கஃப் கோளாறின் வலி பெரும்பாலும் மேற்கையின் வெளிப்புறத்தில்தான் தெரியும். அங்கேயே தைலம் தேய்த்து, டெல்டாய்டில் பிடிப்பு என்று சொல்லிக்கொள்வார்கள். வயதானவர்களில் வலியே இல்லாத தோள்களிலும் ஸ்கேனில் நாண் கிழிசல் தெரிவது சகஜம். அறிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தோளை அசைப்பதால் கூடாமலும் குறையாமலும் இருக்கும் வலி, தோளுக்கு வெளியிலிருந்தும் வரலாம். இடது தோள் வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் உடற்பயிற்சியைப் பற்றி யோசிக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கை தூக்க முடியாத எல்லாருக்கும் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ (மூட்டு உறை இறுகிய தோள்) என்று பெயர் சூட்டுவதும் நடக்கிறது. தானாகத் தூக்க முடியாமல், பிறர் தூக்கிவிட்டால் கை உயர்கிறது என்றால் தசைநாணிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். பிறர் தூக்கினாலும் உயரவில்லை, வெளிச்சுழற்சியும் வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றால்தான் உறை இறுகியிருக்கும் சந்தேகம் வலுக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம். வலி உச்சத்தில் இருக்கும் கட்டத்தில் கையைப் பிடித்து வலுக்கட்டாயமாக இழுத்தால் வலி மோசமாகும். மூட்டுத் தேய்மானமும், மூட்டு பின்பக்கம் விலகியிருப்பதும் இதேபோல் வெளிச்சுழற்சியைத் தடுக்கும். பின்பக்க விலகல் வலிப்புக்கோ மின் அதிர்ச்சிக்கோ பிறகு ஏற்படக்கூடியது, நேர்முக எக்ஸ்ரேயில் கண்ணில் படாமல் தப்பிவிடக்கூடியது. அப்படிப்பட்ட பின்னணி உள்ளவருக்கு வேறு கோணத்திலும் ஒரு படம் எடுத்துப் பார்த்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.