லினக்ஸில் டிஸ்க்கைப் பூட்டும்போது நாமே வெளியே நிற்காமல் இருக்க

வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் போடும்போது டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வது, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது, இப்போது ஒரு டிக் போடும் வேலைதான். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எதை நிறுவினாலும் அந்த வசதி உண்டு. மூன்றிலும் வழக்கமாகப் பயன்படுவது லக்ஸ் என்ற முறை (சோப்பு இல்லை). கம்ப்யூட்டரையே ஒருவன் தூக்கிப்போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ஆனால் நான் பார்த்தவரை, டிஸ்க்கைப் பூட்டியவர்கள் திருடனிடம் எதையும் இழக்கவில்லை. பூட்டிவிட்டுத் தாங்களே வெளியே நின்றவர்கள்தான் அதிகம்.

அதில் நானும் ஒருவன். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும் என்று மூன்று தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தேன். ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினால், சொற்கள் நினைவிருக்கின்றன, எழுத்துதான் இல்லை. 'ழ'வுக்கு இசட், எச் இரண்டும் போட்டேனா, வெறும் 'எல்' மட்டுமா? நெடிலுக்கு ஒரு ஏவா, இரண்டா? ஒரு சொல்லை நான்கு விதமாக எழுதலாம் என்றால் மூன்று சொல்லுக்கு 64 விதம். யாரும் வேகமாக ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக லக்ஸ் ஒவ்வொரு முயற்சியையும் வேண்டுமென்றே மெதுவாக்குகிறது. அன்று அந்தத் தண்டனை எனக்கு. காகிதத்தில் ஒவ்வொன்றாக எழுதி அடித்து, ஒரு வழியாகத் திறந்தது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்று கேட்கும் பொத்தான் அங்கே கிடையாது. தமிழ்ச் சொல் வைப்பதில் தப்பில்லை. ஆனால் அதை அடித்தபடியே, எழுத்து மாறாமல் ஒரு தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். தாளில் எழுதக் கூடாது என்பது ஆபீஸுக்குச் சரி, வீட்டுக்கு அவ்வளவு பொருந்தாது.

கம்ப்யூட்டர் பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்கும் அதே திரையில் இன்னொரு வம்பு கீபோர்டு. நிறுவும்போதே தமிழ்99 போன்ற அமைப்பைத் தேர்ந்துவிட்டால், பூட் ஆகும் நேரத்தில் எந்தக் கீயில் எந்த எழுத்து என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. முதலில் அமெரிக்க ஆங்கிலக் கீபோர்டிலேயே நிறுவுங்கள், தமிழை அப்புறம் சேர்க்கலாம். குறியீடுகளும் வேண்டாம். பிரிட்டிஷ் அமைப்பில் அட் குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும்.

லாகின் பாஸ்வேர்டை மாற்றினால் டிஸ்க்கின் பாஸ்வேர்டும் மாறிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மாறாது, இரண்டும் வேறு.

இனி, பலரும் கேள்விப்படாத ஆபத்துக்கு வருவோம். உங்கள் பாஸ்வேர்டு தகவலை நேரடியாகப் பூட்டுவதில்லை. பீரோ சாவியை ஒரு சின்னப் பெட்டியில் வைத்துப் பூட்டினால் எப்படி, அப்படித்தான். பாஸ்வேர்டு திறப்பது அந்தப் பெட்டியைத்தான். பெட்டி இருக்கும் இடம், பூட்டப்பட்ட பகுதியின் தொடக்கத்தில் உள்ள ஹெடர். லக்ஸ் இரண்டாம் பதிப்பில் அது வழக்கமாக 16 எம்பி. அந்தத் துளி அழிந்தால் பாஸ்வேர்டு சரியாக நினைவிருந்தும் முழு டிஸ்க்கும் போச்சு. அழிவதும் எளிது. பூட்டிய எக்ஸ்டெர்னல் டிஸ்க்கை விண்டோஸில் செருகினால் அது புரியாமல் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். வீட்டில் யாராவது ஒருவர் சரி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதனால் நிறுவிய அன்றே, லக்ஸைக் கையாளும் கிரிப்ட்செட்டப் என்ற லினக்ஸ் கருவியால் ஹெடரை நகலெடுத்து ஒரு பென் டிரைவில் போடுங்கள். அதே கருவியில் இரண்டாவது பாஸ்வேர்டு ஒன்றையும் சேர்க்கலாம், அதை வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து வையுங்கள். ஒன்று மட்டும்: பின்னால் பாஸ்வேர்டை மாற்றினாலும், பழைய ஹெடர் நகலைப் பழைய பாஸ்வேர்டு திறக்கத்தான் செய்யும். மாற்றியதும் புது நகல் எடுத்துப் பழையதை அழியுங்கள்.

ஹெடர் நகல் பேக்கப் ஆகிவிடாது. டிஸ்க்கே பழுதானால் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஃபோட்டோ, ஆவணங்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைக்கத்தான் வேண்டும். அந்த டிஸ்க்கையும் பூட்டுங்கள். கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டு அதே ஃபோட்டோக்களைப் பூட்டாத டிஸ்க்கில் மேசைமேல் வைப்பதில் என்ன பயன்?

நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை மட்டும் பூட்டினால் போதும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். 2018-ல் 18.04 பதிப்பிலேயே உபுண்டு அந்த வசதியைத் தன் நிறுவியிலிருந்து எடுத்துவிட்டது. அதை மட்டும் பூட்டினால், நீங்கள் திறந்த கோப்பின் துணுக்குகள் வெளியே ஸ்வாப்பிலும் (மெமரிக்குத் துணையாக டிஸ்க்கில் ஒதுக்கிய இடம்) தற்காலிகக் கோப்புகளிலும் சிதறும். டிஸ்க் முழுவதையும் பூட்டுவதுதான் என் கட்சி. வேகம் குறையுமே என்பவர்களுக்கு: பத்துப் பன்னிரண்டு வருடங்களாக வரும் பெரும்பாலான பிராசசர்களில் இதற்கென்றே தனிக் கட்டளைகள் இருக்கின்றன. அன்றாட வேலையில் வித்தியாசம் தெரியாது.

கம்ப்யூட்டர் ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி மெமரியிலேயே கிடக்கும். மெமரி சில்லைக் குளிரவைத்து, மின்சாரம் நின்ற பிறகும் அதிலிருந்து சாவியை எடுக்க முடியும் என்று 2008-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நம் வீட்டுக்கு வரும் திருடன் அத்தனை மெனக்கெட மாட்டான்தான். ஆனால் ஊருக்குக் கிளம்பும்போது ஸ்லீப்பில் விடாமல் ஷட் டவுன் செய்துவிடுங்கள்.

டிஸ்க்கை விற்கும் நாளில் எல்லாம் தலைகீழ். சாவி வைத்த இடங்களைக் கிரிப்ட்செட்டப்பால் அழித்தால் போதும், நொடியில் மொத்த டிஸ்க்கும் குப்பை. ஹெடர் நகல் இருக்கும் அந்தப் பென் டிரைவையும் அன்றே அழித்துவிடுங்கள்.