வீடும் வேண்டும், கழுவெளியும் வேண்டும்: கட்டுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் வீட்டுத் தேவை பொய்யில்லை. வாடகை கட்டி மாளாமல் தவிக்கும் குடும்பங்களிடம் போய் "இனி கட்டாதீர்கள்" என்று சொல்வதில் நியாயமும் இல்லை. ஆனால் எங்கே கட்டுவது என்ற கேள்வியை மனை விற்று, அஸ்திவாரம் போட்ட பிறகுதான் கேட்கிறோம். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பள்ளிக்கரணையைப் பாருங்கள். ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்த கழுவெளி, அதாவது சதுப்புநிலம், அது. குப்பைக்கிடங்கு, அரசு நிறுவனங்கள், ரயில் பாதை, குடியிருப்புகள் என்று எல்லாமே அதற்குள் நுழைந்தன. 2022-ல் அதில் சுமார் 1,248 ஹெக்டேர், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உடனே பலரும் அந்த எல்லைக்கோட்டை ஒரு மதில் போல எண்ணத் தொடங்கிவிட்டார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் என்ன கட்டினாலும் சரி என்று நினைப்பது பெரிய தவறு. தென்சென்னையின் 30-க்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரிநீர் இங்கேதான் வந்து சேர்கிறது. இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் போகிறது. இந்த வழியில் எங்கே மண் கொட்டி மேடாக்கினாலும் தண்ணீர் பின்னோக்கித் தேங்கும். 2015-லும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் அதைத்தான் பார்த்தோம்.

அடுத்தது, "அப்ரூவ்டு மனைதானே" என்ற நிம்மதி. பட்டா உரிமையைச் சொல்லும். மழைநீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைச் சொல்லாது. வில்லங்கச் சான்றும் சொல்லாது. கிராம வரைபடம், ஒவ்வொரு புல எண்ணின் எல்லையையும் காட்டும் புல வரைபடம், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேடு மூன்றையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். பக்கத்துப் புல எண்ணில் வாய்க்கால் புறம்போக்கு (வாய்க்காலுக்கான அரசு நிலம்), ஏரி உள்வாய் (ஏரியில் தண்ணீர் நிற்கும் பகுதி) என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை போய்ப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள்.

பில்டர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அதற்குத் தப்ப ஒரே திட்டத்தைப் பல கட்டங்களாக உடைத்துக் காட்டினால், காகிதத்தில் சிறிதாகத் தெரியும். வெள்ளம் அந்தக் கணக்கைப் பார்க்காது.

இதைவிட என்னை உறுத்துவது ஏழைகளுக்கு நாம் இடம் ஒதுக்கும் விதம். ஆற்றங்கரையைக் காப்பதற்கென்று நகரின் நடுவிலிருந்து அப்புறப்படுத்திய குடும்பங்களை செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று தாழ்வான பகுதிகளில் கொண்டுபோய்க் குடியமர்த்தினோம். ஒரு நீர்நிலையை மீட்பதாகச் சொல்லி இன்னொன்றின் ஓரத்தில் பல்லாயிரம் வீடுகளைக் கட்டினோம். வேலை தூரமானது, பிள்ளைகளின் பள்ளியும் தூரமானது. வெள்ளமோ வாசலுக்கே வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்பின் பேரில் இப்படி நடப்பதை யாரும் ஏற்கக் கூடாது.

கழுவெளியைப் போலவே காக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்கள் விஷயத்தில் வேறு வகைத் தவறுகள். மாமல்லபுரம், தஞ்சாவூர் போன்ற ஊர்களில் மத்தியத் தொல்லியல் துறையின் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தெரியாமல் மனை வாங்கிச் சிக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வட்டத்துக்குள் தலைமுறைகளாக வாழ்பவர்களோ பழுது பார்க்கக்கூட அனுமதிக்கு அலைகிறார்கள். கோயிலைக் காப்பவர்கள் அந்தத் தெருவில் வாழும் மனிதர்களை மறந்தால், பாதுகாப்புச் சட்டமே அவர்களுக்கு எதிரியாகிவிடும்.

பாதுகாக்கப்பட்ட சின்னங்களின் பட்டியலில் சேராத பழைய வீடுகளின் கதி இன்னும் மோசம். மயிலாப்பூரின் திண்ணை வீடுகளும் செட்டிநாட்டு வீடுகளும் ஒன்றொன்றாகப் போகின்றன. பங்காளிகள் பலர், ஓடு மாற்றும் செலவு அதிகம். அப்புறம் என்ன, இடிப்பதுதான் சுலபமாகத் தெரிகிறது. உரிமையாளரைத் திட்டுவது வீண். புதுச்சேரி வைசியாள் வீதியில் செலவை உரிமையாளரோடு பகிர்ந்துகொண்டு வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள். தெரு பிழைத்தது. பணம் கொடுக்காமல் "இடிக்காதே" என்று மட்டும் சொன்னால் வீடு தானாகவே விழும்.

கடைசியாக, எதிர்ப்பைத் தாமதமாகக் கையில் எடுப்பது. கிரேன் வந்த பிறகு வழக்குப் போட்டால், முன்பணம் கட்டிய குடும்பங்களும் சேர்ந்தே மாட்டிக்கொள்கின்றன. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டத்தில் உங்கள் பகுதியின் நில வகைப்பாடு என்ன, வாய்க்கால்கள் வரைபடத்தில் இருக்கின்றனவா, சதுப்பின் நீர்வழிகள் குறிக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். விடுபட்டிருந்தால் புல எண்ணோடு எழுதிக் கொடுங்கள். குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது.