உணவு ஒவ்வாமையை வகுப்பில் சொல்லித்தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வாமை உள்ள பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "இவன் கடலை சாப்பிட்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், பார்த்துக்குங்க" என்று வகுப்புக்கு அறிமுகப்படுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. ஆசிரியர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் அன்று முதல் அந்தப் பிள்ளைக்கு வகுப்பில் வேறு அடையாளமே இல்லாமல் போகிறது. பெற்றோரிடமும் பிள்ளையிடமும் முதலில் தனியாகப் பேசுங்கள். தன்னைப் பற்றிச் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

அந்தப் பிள்ளையைக் காட்டாமலே பாடம் நடத்தலாம். நேற்று காலையிலிருந்து சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொருவரையும் எழுதச் சொல்லுங்கள். பிறகு, "இதில் எதிலெல்லாம் எள் இருந்தது?" என்று கேளுங்கள். சம்பா அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் எள்ளும் விளையும் டெல்டா ஊர் நம்முடையது. இட்லிப்பொடி, கோயில் புளியோதரை, முறுக்கு, எள்ளுருண்டை, நல்லெண்ணெய் என்று பட்டியல் நீளும். அடுத்த கேள்விதான் முக்கியம்: "எள் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள யாரைக் கேட்பீர்கள்?" அம்மாவைக் கேட்கலாம். பிரசாதம் கொடுப்பவரை? கல்யாணப் பந்தியில் வாளியோடு வேகமாகப் போகிறவரை? கேட்டாலும், "ஒண்ணும் ஆகாது, சாப்பிடு தம்பி" என்பதுதான் பல இடங்களில் பதில். ஒவ்வொரு வேளையும் இப்படிக் கேட்க வேண்டியிருப்பதும், கேட்கக் கூச்சப்பட்டுப் பசியோடு எழுந்துவிடுவதும்தான் ஒவ்வாமையோடு வாழ்வது. நோய் விளக்கத்தைவிட இது பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதியும் என்று நம்புகிறேன்.

பால் குடித்தால் வயிறு உப்புவதையும் பால் ஒவ்வாமையையும் ஒன்றாகச் சொல்லித்தருவது அடுத்த தவறு. முதலாவது பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காததால் வருவது; தொல்லைதான், உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டாவதில், பாலிலுள்ள புரதத்தை உடலின் எதிர்ப்பு மண்டலம் பகையாக எடுத்துக்கொண்டு தாக்குகிறது. சிலருக்கு அதற்கு ஒரு துளிகூடப் போதும். "கொஞ்சம் கொஞ்சமாக் கொடுத்தாப் பழகிடும்" என்ற பேச்சுக்கும் வகுப்பில் இடம் தரக்கூடாது. மருத்துவர் கண்காணிப்பில் அளந்து கொடுக்கும் சிகிச்சை உண்டு என்றாலும், அது வீட்டிலோ பள்ளியிலோ செய்து பார்க்கிற காரியமில்லை.

தேவையில்லாமல் பயமுறுத்துவதும் தவறு. பக்கத்தில் யாரோ கடலை மிட்டாய் தின்கிற வாசனையால் பொதுவாகக் கடும் ஒவ்வாமை வராது. ஆனால் மீன், இறால் வேகும்போது எழும் ஆவி சிலருக்கு மூச்சுத்திணறலை உண்டாக்கும். நாகை, வேதாரண்யம் பக்கத்துப் பள்ளிகள் இதை மனதில் வைக்க வேண்டும். கடலை தின்ற கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சானிடைசர் கடலைப் புரதத்தை நீக்காது.

மாணவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டுச் சமையல்கூடத்தை விட்டுவிடுகிறோம். பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டதே 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில்தான். காலையில் ரவை உப்புமா என்றால் அது கோதுமை; மதியம் முட்டை. சத்துணவு அமைப்பாளருக்கும் சமைக்கும் அக்காவுக்கும் எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தனிக் கரண்டி வேண்டும். தனி மூலையில் உட்காரவைக்கக் கூடாது.

"பாக்கெட்டில் எழுதியிருக்கும், படித்துக்கொள்" என்று சொல்வதும் அரைகுறைப் பாடம். பால், முட்டை, மீன், வேர்க்கடலை போன்றவற்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும் என்கிறது 2020ஆம் ஆண்டின் உணவு லேபிள் விதிமுறை. அந்தப் பட்டியலில் எள் இல்லை. சேர்மானங்களை முழுதாகப் படிக்கப் பழக்க வேண்டும். பேக்கரியில் நிறுத்துக் கொடுக்கும் மிக்சரில் படிக்க ஒன்றுமே இருக்காது.

ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லாமல் பாடத்தை முடிப்பதை மன்னிக்கவே முடியாது. சாப்பிட்ட சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், குரல் மாற்றம், மூச்சு இரைப்பு, வாந்தி, மயக்கம் என்று இவற்றில் சில சேர்ந்து வந்தால் அது கடும் ஒவ்வாமை. அதற்கு முதல் மருந்து தொடையின் வெளிப்புறத் தசையில் போடும் அட்ரினலின் ஊசிதான். செட்ரிசின் மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் உட்காரவைக்கலாம், நடக்கவைக்கக் கூடாது. உடனே 108ஐ அழையுங்கள். தெளிந்துவிட்டதென்று நேரே வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். சில மணி நேரத்தில் திரும்பவும் வரலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் எவ்வளவு தூரம், எத்தனை மணி வரை மருத்துவர் இருப்பார் என்று பள்ளி திறக்கும் ஜூன் மாதமே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்கள் வேலை இரண்டுதான்: ஒருவர் ஓடிப்போய் டீச்சரைக் கூப்பிட வேண்டும், ஒருவர் கூடவே இருக்க வேண்டும். விளையாட்டாகக்கூட அந்தப் பிள்ளையின் டப்பாவில் கடலையைப் போடக்கூடாது என்பதைக் கண்டிப்பாகவே சொல்லுங்கள். பிறந்தநாளுக்கு மிட்டாய் கொண்டுவரும் வீட்டார் முந்தின நாளே தெரிவித்தால், அந்தப் பிள்ளைக்கும் ஆகும் மிட்டாயாகவே எல்லாருக்கும் வாங்கிவிடலாம்.